பகலில் ஓய்வு கொள்ளும் தாதிச் சுறா

சுறா என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பெரும்பாலோர்க்கு அச்சமே தோன்றுகின்றது. வாய் நிறையக் கூரிய பற்கள், நீரைக் கிழித்து வரும் முதுகுத் துடுப்பு, கரையை நோக்கி அலறி ஓடும் மக்கள் ஆகியவையே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வச்சத்தை உலகெங்கும் பரப்பியது. பள்ளி விடுமுறைக் காலத்தில் மட்டுமே கடற்கரையைக் காணும் தோட்டப்புற மக்களாகிய நமக்குச் சுறாவைப் பற்றித் தெரிந்தவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, இத்தகைய அச்சக் கதை; மற்றொன்று, சமையலறையில் மணக்கும் சுறாப்புட்டு.

உலகக் கடல்களில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் வாழ்கின்றன. முழங்கை நீளம்கூட இல்லாத சிறு சுறாவும் உண்டு. பேருந்தைவிட நீளமாக வளரும் பெருஞ்சுறாவும் உண்டு. அவற்றின் குணங்களும் வாழ்க்கை முறைகளும் வெவ்வேறானவை. அவற்றுள் பவளப்பாறைகளில் வாழும் ஓர் இனத்தைப் பற்றி இம்மாதப் பாடத்தில் அறிந்துகொள்வோம். அது பகற்பொழுதைப் பாறைக் குகையில் படுத்துக் கழிக்கும், மனிதரைத் துரத்துவதில்லை. எனினும், அதன் அமைதியான வாழ்க்கையே அதன் அழிவுக்கும் வழியாகி வருகின்றது. அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பெயரும் உறவும்

இச்சுறாவை ஆங்கிலத்தில் 'நர்ஸ்' சுறா என்பர். நர்ஸ் என்பவரை நாம் தாதி என்று அழைப்பதால், இங்கு இதனைத் தாதிச் சுறா என்றே குறிப்பிடுவோம். இப்பெயருக்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று வருமாறு: இச்சுறா தன் இரையை உறிஞ்சும்பொழுது எழும் ஓசை, குழந்தை தாய்ப்பால் அருந்தும் ஓசையைப் போன்றிருக்கும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்பர்.

தாதிச் சுறாக்களில் சில இனங்களே உள்ளன. அட்லாண்டிக் பெருங்கடலில் வாழ்வது ஓரினம். நாம் இங்குக் காணவிருப்பது இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழும் மற்றோர் இனமாகும். பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆய்வாளரான ரெனே லெசோன் 1831ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இன்று இது 'நெப்ரியஸ் ஃபெருஜினியஸ்' என்று வழங்கப்படுகின்றது. இப்பெயரின் பிற்பகுதி துருவின் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். மழையில் நனைந்து துருவேறிய மண்வெட்டியின் நிறத்தை நினைத்துக்கொண்டால், இச்சுறாவின் மேனி நிறம் ஒருவாறு விளங்கும்.

செங்கடலும் ஆப்பிரிக்காவின் கீழைக் கரையும் தொடங்கி, மாலத்தீவு, இலங்கை, இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளின் கடற்பகுதிகள் வழியாகப் பசிபிக் தீவுகள் வரையிலும் இது பரவி வாழ்கின்றது. வடக்கே ஜப்பானின் தென்பகுதியிலும் தெற்கே ஆஸ்திரேலியாவிலும் காணப்படுகின்றது. ஆகவே, இது நம் நாட்டுக் கடலுக்கும் உரிய உயிரேயாகும். கடலில் வாழும் மீன்கள் அனைத்திலும் மிகப் பெரியதான திமிங்கிலச் சுறா இதற்கு நெருங்கிய உறவாகும் என்பதும் அறியத்தக்கது.

உடலமைப்பு

நன்கு வளர்ந்த தாதிச் சுறா 3.2 மீட்டர் வரை, அதாவது 10 அடிக்கு மேலாக நீண்டிருக்கும். தலை அகன்று தட்டையாக இருக்கும். கண்கள் மிகச் சிறியவை. முதுகில் முனை கூராக அமைந்த இரண்டு துடுப்புகள் உள்ளன. வால் நீண்டது, உடல் நீளத்தில் காற்பங்குக்கும் மேற்பட்டது. மேற்புறம் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும்.

இதன் முகத்தில் முதலில் நம் கண்ணைக் கவர்வது மீசையே. கெளுத்தி மீனை அறியாதார் நம்மிடையே இலர். அதற்கு இருப்பது போலவே இச்சுறாவின் மூக்குத் துளைகளின் அருகே இரண்டு மீசைகள் தொங்குகின்றன. இருளில், மணலிலும் பாறை இடுக்கிலும் மறைந்திருக்கும் இரையைத் தடவி அறிய இவை துணைபுரிகின்றன. மேலும், சுறாக்களின் முகத்தில் ஊசித் துளைகளைப் போன்ற நுண்ணிய குழிகள் பல உள்ளன. உயிரினங்களின் தசை அசையும்பொழுது உண்டாகும் மிக மெல்லிய மின் அதிர்வையும் இக்குழிகள் உணரவல்லவை. எனவே, இரை கண்ணுக்குத் தெரியாவிடினும் சுறாவிடமிருந்து எளிதில் தப்ப இயலாது.

சுறாவின் உடலில் எலும்பு கிடையாது. நம் காதுமடலைத் தொட்டு வளைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு வகைக் குருத்து இருப்பதை உணரலாம். சுறாவின் உடற்கூடு முழுவதும் அத்தகைய குருத்தெலும்பினாலேயே ஆனது. அதன் தோலோ உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பானது. நுண்ணோக்கியின் வழியே பார்த்தால், சிறு பற்களைப் போன்ற செதில்கள் தோல் முழுவதும் வரிசையாகப் பதிந்திருப்பதைக் காணலாம்.

நீந்தாமல் மூச்சு விடுதல்

நீந்துவதை நிறுத்தினால் சுறா இறந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது சில இனங்களுக்கே பொருந்தும். வெண்சுறா போன்ற இனங்கள் வாயைச் சற்றே திறந்தவாறு இடைவிடாது நீந்துகின்றன. அவ்வாறு நீந்துகையில் நீர் வாய்வழி புகுந்து செவுள்வழி வெளியேறும். நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்கள் பிரித்தெடுத்துக்கொள்ளும்.

தாதிச் சுறாவுக்கு இத்துன்பம் இல்லை. அது தன் வாய்த் தசைகளைச் சுருக்கியும் விரித்தும் நீரை உள்ளிழுத்துச் செவுள்களின் வழியே செலுத்துகின்றது. கொல்லன் துருத்தியை நாம் கண்டிருக்கின்றோம். துருத்தியை விரித்தால் காற்று உட்புகும், அழுத்தினால் வெளியேறும். தாதிச் சுறாவின் வாய் அத்தகைய துருத்தியாகவே செயற்படுகின்றது. இதனாலேயே அஃது அசையாமல் மணிக்கணக்காகக் கடலடியில் படுத்திருக்க முடிகின்றது.

பகலும் இரவும்

கதிரவன் எழுந்தபின் தாதிச் சுறா பவளப்பாறைக் குகைகளிலும், பாறை விளிம்புகளின் அடியிலும் சென்று தங்குகின்றது. தனித்துத் தங்குவதும் உண்டு; கூட்டமாகத் தங்குவதும் உண்டு. சில குகைகளில் 20க்கும் மேற்பட்ட சுறாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிவைத்த விறகுக் கட்டைகளைப் போலப் படுத்திருப்பதை முக்குளிப்போர் கண்டுள்ளனர். குட்டிகளோ ஆழமற்ற கடற்பகுதியில் பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழ்கின்றன.

பொழுது சாய்ந்ததும் இவற்றின் வேலைநேரம் தொடங்குகின்றது. குகையை விட்டு வெளியேறி, பாறைகளை ஒட்டி மெல்ல நீந்தி, இடுக்கு இடுக்காக இரை தேடுகின்றன. நாம் விடியற்காலையில் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பால்மரம் சீவப் புறப்படும் வேளையில், அவை இரவு வேலையை முடித்துக் குகைக்குத் திரும்பும். இதில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாதிச் சுறா கண்ட கண்ட குகையில் தங்குவதில்லை. நாள்தோறும் அதே குகையை நாடியே வருகின்றது. அதன் நடமாட்டமும் ஒரு சிறு எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். இதன் பொருள் பின்னர் விளங்கும்.

உறிஞ்சி உண்ணும் திறன்

தாதிச் சுறாவின் வாய் சிறியது, தொண்டையோ அகன்றது. பாறைப் பொந்தின் வாயிலில் தன் உதடுகளைப் பொருத்தித் தொண்டையைத் திடீரென விரித்தவுடன், உட்புறம் அழுத்தம் குறைகின்றது. பொந்திலுள்ள நீர் வேகமாக அதன் வாய்க்குள் பாய்கின்றது. அந்நீருடன் பொந்தில் ஒளிந்திருக்கும் இரையும் இழுபட்டு வந்துவிடும். உறிஞ்சுகுழலால் இளநீர் பருகும்பொழுது நாம் செய்வதும் இதுவே. வலிமையில்தான் வேறுபாடு உண்டு.

எட்டுக்கைக் கணவாயாகிய ஆக்டோபஸ் இதற்கு மிகவும் விருப்பமான உணவாகும். நண்டு, சிங்கி இறால், முள்ளுருண்டை போன்ற கடல் முள்ளெலி, சிறு மீன்கள் ஆகியவற்றையும் உண்ணும். கடற்பாம்பையும் சிற்சில வேளைகளில் உண்பதுண்டு. இதன் பற்கள் சிறு விசிறியின் வடிவில் பல முனைகளுடன் அமைந்துள்ளன. நண்டின் ஓட்டையும் முள்ளெலியின் கூட்டையும் நொறுக்க இவை ஏற்றவை.

இவ்வாறு இடுக்குகளில் மறைந்து வாழும் உயிர்களை உண்பதன் மூலம், அவை அளவின்றிப் பெருகிவிடாதபடி இச்சுறா காத்துவருகின்றது. வரம்பின்றி ஓரினம் பெருகினால் பவளப்பாறையின் சமநிலை கெடும். பாறை கெட்டால், அங்கு முட்டையிட்டு வளரும் மீன்கள் குறையும். மீன் குறைந்தால், அது மீனவரின் வலையையும் சந்தையின் விலையையும் ஒருங்கே பாதிக்கும்.

சாதுவா, கொடியதா?

தாதிச் சுறா இயல்பில் சாதுவானது. முக்குளிப்போர் அருகிற் சென்றாலும் பெரும்பாலும் பொருட்படுத்தாது படுத்திருக்கும். ஆனால், தூண்டிலில் சிக்கினால் அதன் போக்கு மாறிவிடும். உடலைச் சுழற்றிச் சுழற்றிப் புரளும். உறுமுவதைப் போல ஒலியெழுப்பும். தன்னைப் பிடித்தவரின் முகத்தில் வாயிலுள்ள நீரைப் பீய்ச்சியடிக்கும். உறிஞ்சப் பயன்படும் அதே தசை வலிமை இங்குத் தற்காப்புக் கருவியாகின்றது.

சாது என்பதால் அதன் வாலைப் பிடித்து இழுப்பதும், முதுகில் ஏற முயல்வதும் அறிவுடைமையாகா. துன்புறுத்தப்பட்டபொழுது இச்சுறா மனிதரைக் கடித்ததுண்டு. அதன் தாடை வலிமையானது. கவ்விய பிடியை எளிதில் தளர்த்தாது. 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்னும் பழமொழி கடலுக்கும் பொருந்தும்.

குறைவான குட்டிகள்

சந்தையில் நாம் வாங்கும் கெம்போங் மீன், பல்லாயிரக்கணக்கான முட்டைகளைக் கடலில் இடும். அவற்றுள் பெரும்பகுதி அழிந்தாலும் எஞ்சியவை இனத்தைக் காப்பாற்றிவிடும். தாதிச் சுறாவின் நிலை வேறு. அது முட்டையைக் கடலில் இடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகள் அங்கேயே வளர்கின்றன. அவ்வாறு வளருங்கால், கருவுறாத முட்டைகளைத் தாய் தொடர்ந்து வெளியிட, குட்டிகள் அவற்றையே உணவாக உண்கின்றன. இவ்வகைச் செழிப்பான ஊட்டத்தைப் பல குட்டிகளுக்குத் தருதல் இயலாது. ஆகவே, ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே பிறக்கின்றன.

பிறக்கும் குட்டி 40 முதல் 80 சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். அஃது ஏறத்தாழ 2.5 மீட்டர் அளவுக்கு வளர்ந்த பின்னரே இனப்பெருக்கம் செய்யும் தகுதியைப் பெறுகின்றது. அதுவரை அது பிடிபடாமல் உயிர்வாழ வேண்டும்.

தோட்டத்தில் வாழும் நாம் இதனை எளிதில் உணரலாம். மரத்தை முறையாகச் சீவினால் பட்டை மீண்டும் வளரும். மங்கு மீண்டும் நிறையும். ஆனால், மரத்தையே வெட்டிச் சாய்த்தால் புதுக்கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்தாலன்றிப் பால் எடுக்க இயலாது. கெம்போங் மீனை அளவோடு பிடித்தல் பட்டையைச் சீவுதல் போன்றது. தாய்ச் சுறாவைப் பிடித்தலோ மரத்தையே சாய்த்தல் போன்றது. அதிலும் கன்று நடுவாரும் அங்கு எவருமிலர்.

குகை வெறுமையாவது எவ்வாறு?

முன்னர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய செய்தியை இங்கு எண்ணிப் பார்ப்போம். தாதிச் சுறா நாள்தோறும் ஒரே குகைக்குத் திரும்புகின்றது. பலவும் ஒன்றாகக் கூடித் தங்குகின்றன. பகலில் அசையாது படுத்திருக்கின்றன. குகையின் இடத்தை ஒருமுறை அறிந்துகொண்ட மீனவர், மீண்டும் மீண்டும் வந்து அனைத்தையும் பிடித்துச் சென்றுவிட முடியும். அதன்பின் ஒன்றும் இரண்டுமாகப் பிறக்கும் குட்டிகளால் அவ்விடத்தை விரைவில் நிரப்ப இயலாது.

இச்சுறா இறைச்சிக்காகவும், துடுப்புக்காகவும், ஈரல் எண்ணெய்க்காகவும், தடித்த தோலுக்காகவும் பிடிக்கப்படுகின்றது. வேறு மீன்களுக்காக விரித்த வலைகளிலும் சிக்குகின்றது. இவற்றுடன் அதன் உறைவிடமும் அழிக்கப்படுகின்றது. மீன்வெடி வைத்துப் பிடிக்கும் கொடிய முறை நம் நாட்டின் சபா மாநிலக் கடற்பகுதியிலும் வேறு சில நாடுகளிலும் பவளப்பாறைகளைச் சிதைத்துள்ளது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி இம்முறை மலேசியாவில் குற்றமாகும்.

இந்தியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் கடற்பகுதிகளில் இச்சுறாக்கள் குறைந்துபோனதாகவும், சில இடங்களில் இல்லாமலே போனதாகவும் பதிவாகியுள்ளது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தனது செம்பட்டியலில், அழிவு அபாயத்தை எதிர்நோக்கும் உயிரினங்களுள் ஒன்றாக இதனைச் சேர்த்துள்ளது.

ஆயினும், நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளப்பாறைப் பகுதி 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கடற்பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றது. அந்நாட்டுக் கடலில் இவ்வினத்தின் நிலை ஏனைய பகுதிகளைவிட நன்றாக உள்ளது. சுறா ஒன்றே, அதன் குணமும் ஒன்றே. காவல் உள்ள இடத்தில் அது நிலைத்துள்ளது. காவலற்ற இடத்தில் குறைந்துவிட்டது.

நம் நாட்டிலும் இவ்வழியில் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. தீபகற்பத்தில் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதிகள் கடற்பூங்காக்களாக அமைக்கப்பட்டுள்ளன. அங்கு மீன் பிடித்தலும் பவளம் பெயர்த்தலும் தடை செய்யப்பட்டுள்ளன. சபாவின் சிப்பாடான் தீவில் இருந்த தங்கும் விடுதிகள் 2004ஆம் ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டன.

நாம் செய்யத்தக்கவை

கடலுக்குத் தொலைவில் வாழும் நாம் இதில் என்ன செய்ய இயலும் என்று வாசகர்கள் வினவலாம். செய்யத்தக்கவை சிலவே, அவை எளியவை.

விடுமுறையில் பிள்ளைகளுடன் தீவுகளுக்குச் செல்வோர் பவளப்பாறைமீது கால் ஊன்றி நிற்றலும், அதனை உடைத்து எடுத்தலும் கூடாது. நீரில் சுறாவைக் கண்டால் தொடாமலும் துரத்தாமலும் அமைதியாக விலகிச் செல்ல வேண்டும். அதன் குகை வாயிலை அடைத்துக்கொண்டு நிற்றல் ஆகாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல் கூற விரும்புகிறோம். பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால் ஊறும் என்று கருதிச் சுறாப்புட்டு கொடுப்பது நம் முன்னோர் வழக்கமாகும். அவர்கள் இதற்குப் பெரும்பாலும் பால் சுறா என்னும் சிறு சுறாக்களையே பயன்படுத்தினர். இன்றோ துண்டு போட்டு விற்கப்படும் இறைச்சி எந்தச் சுறாவினுடையது என்று அறிதல் அரிது. மேலும், நீண்ட காலம் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் சுறாக்களின் உடலில் பாதரசம் என்னும் நச்சுப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிடுகின்றது. அது கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள் ஆகியோர் சுறா இறைச்சியைத் தவிர்க்க வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவுறுத்துகின்றது. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு, சத்து மிகுதி. விலையும் நம் கைக்கு எட்டும். ஐயமுள்ளோர் மருந்தகத்திலோ அரசாங்கத் தாய்சேய் நல நிலையத்திலோ கேட்டுத் தெளிவு பெறலாம். தாயின் நலத்தைப் பேண நாம் மேற்கொள்ளும் இம்மாற்றம் சுறா இனத்தின் நலத்தையும் பேணும்.

அச்சத்தினால் ஓர் உயிரை வெறுப்பது எளிது. அதன் வாழ்க்கையை அறிந்தபின் அவ்வெறுப்பு நிலைப்பதில்லை. இரவெல்லாம் உழைத்து, விடியலில் தன் குகைக்குத் திரும்பும் அவ்வுயிர்க்கு, அக்குகையும் அதன் கூட்டமும் அங்கேயே இருத்தல் வேண்டும். உழைத்துக் களைத்து இல்லம் திரும்புவோராகிய நாம் இதனை எவரும் சொல்லாமலே உணர்வோம்.

பயிற்சி வினாக்கள்

மாலை வேளையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை காண முயல்க.

1. தாதிச் சுறா நீந்தாமலே மூச்சு விடுவது எவ்வாறு?

2. பொந்தில் ஒளிந்திருக்கும் இரையை அது எவ்வாறு வெளிக்கொணர்கின்றது?

3. ஒரு பேற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே பிறப்பதன் காரணம் யாது?

4. ஒரே குகைக்குத் திரும்பும் பழக்கம் இச்சுறாவுக்குத் தீங்காக முடிவது ஏன்?

5. பால்மரத்தைச் சீவுதல், பால்மரத்தைச் சாய்த்தல் ஆகிய இவ்விரண்டையும் மீன்பிடித் தொழிலோடு ஒப்பிட்டுக் கூறுக.